தாயிடமிருந்து மட்டும் ஏன்? மைட்டோகாண்ட்ரியா மரபு குறித்து வாசகர் கேள்விகள்

செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களுக்கும், தாவரங்களில் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகங்களுக்கும் உட்கருவில் உள்ளதைத் தவிரச் சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு என்றும், அது பெரும்பாலான உயிரினங்களில் தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது என்றும் சென்ற இதழில் ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் ஒன்றுக்கொன்று தொடர்புடைய ஏழு கேள்விகளை இம்மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: விந்தணுவின் தலை மட்டுமே முட்டைக்குள் செல்கிறது, மைட்டோகாண்ட்ரியா நிறைந்த நடுப்பகுதியும் வாலும் வெளியே நின்றுவிடுகின்றன, அதனால்தான் தந்தையின் மைட்டோகாண்ட்ரியா பிள்ளைக்கு வருவதில்லை என்று மேல்நிலை வகுப்பில் விளக்கி வருகிறேன். இது சரிதானா? (பள்ளி ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம்தான் இது, ஆனால் மனிதர் உட்படப் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இது பொருந்தாது. சீன ஹாம்ஸ்டர் போன்ற ஒருசில இனங்களில் வால் வெளியே நின்றுவிடுவது உண்மை. மற்றவற்றில், நடுப்பகுதியில் திருகுச்சுருளாக அடுக்கப்பட்டிருக்கும் 50 முதல் 75 வரையிலான மைட்டோகாண்ட்ரியாக்களோடு சேர்ந்தே விந்தணு முட்டைக்குள் நுழைகிறது. மனித முட்டையிலோ மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நகல்களாக இருக்கிறது. ஆகவே தந்தையின் பங்கு அந்தப் பெருந்தொகையில் கரைந்து காணாமல் போகிறது என்று எண்ணத் தோன்றும். ஆயினும் உயிரினங்கள் இந்தக் காரியத்தை எண்ணிக்கையின் பொறுப்பில் விட்டுவிடவில்லை. தந்தையின் மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் பிடித்து அழிப்பதற்கென்றே ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருக்கின்றன.

விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாக்கள் மீது யுபிகுவிட்டின் என்னும் புரதம் அழிவுக்குரிய அடையாளமாக ஒட்டப்படுவதைப் பசுவிலும் ரீசஸ் குரங்கிலும் பீட்டர் சுடோவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1999இல் காட்டினார்கள். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் நுண்புழுவில், கருவுற்ற முட்டை தந்தையின் மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வளைத்து விழுங்கிச் செரித்துவிடுகிறது என்பதை ஜப்பானிலும் பிரான்சிலும் இருந்த இரு குழுக்கள் 2011இல் தனித்தனியே கண்டறிந்தன. அதே புழுவில் 2016இல் வெளியான ஆய்வு என்னை மிகவும் வியக்க வைத்தது: அழிவைத் தொடங்கி வைக்கும் எண்டோநியூக்ளியேஸ் ஜி என்னும் நொதி தந்தையின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கிறது, முட்டைக்குள் நுழைந்ததும் அது தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டத் தொடங்குகிறது. அந்த அழிவு தாமதமானால் கருக்கள் இறப்பதும் அதிகரிக்கிறது. பழ ஈயில் இதே நொதி இன்னும் முன்னதாக, விந்தணு உருவாகும் கட்டத்திலேயே அந்த டி.என்.ஏ.வை நீக்கிவிடுகிறது. மனித விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாக்களிலும் முழுமையான டி.என்.ஏ. அநேகமாக இருப்பதில்லை என்று 2023இல் வெளிவந்த ஆய்வு தெரிவிக்கிறது.

முட்டை பெரியது, விந்தணு சிறியது என்பது காரணமாக இருக்க முடியாது என்பதற்கு மிகத் தெளிவான சான்று கிளாமிடோமோனாஸ் என்னும் ஒருசெல் பாசியில் கிடைக்கிறது. அதில் இணையும் இரு பாலணுக்களும் ஒரே அளவுடையவை. ஆண் என்றோ பெண் என்றோ சொல்ல முடியாமல் கூட்டல், கழித்தல் என்று குறிக்கப்படுபவை. அப்படியிருந்தும், இணைந்த ஒரு மணி நேரத்துக்குள் கழித்தல் வகையின் பசுங்கணிக டி.என்.ஏ. அழிக்கப்பட்டுவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவோ அதே பாசியில் கழித்தல் வகையிடமிருந்து வருகிறது. ஒரே அளவுள்ள இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, மற்றொன்றை விலக்குகிற ஏற்பாடு பால்வேறுபாடு இல்லாத உயிரிலும் இருக்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொன்னீர்களானால், எதனால் இப்படி என்ற அடுத்த கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

கேள்வி: டி.என்.ஏ. என்பதே அறியப்படாத காலத்தில் தாய்வழி மரபு என்று ஒன்று இருப்பதை எவ்வாறு பிரித்தறிந்தார்கள்? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நம் வீட்டுத் தோட்டங்களில் மாலையில் பூக்கும் அந்திமந்தாரையை வைத்துத்தான். மெண்டலின் விதிகளை 1900இல் மீண்டும் கண்டெடுத்தவர்களில் ஒருவரான ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் காரன்ஸ், பச்சையும் வெளுப்புமாக இலைகள் கலந்த அந்திமந்தாரைச் செடிகளை ஆராய்ந்தார். அத்தகைய செடியில் சில கிளைகள் முழுப் பச்சையாகவும் சில முற்றிலும் வெளுத்தும் இருக்கும். வெளுத்த கிளையில் பூத்த பூவுக்கு எந்தச் செடியின் மகரந்தத்தை இட்டாலும் நாற்றுகள் வெளுத்தே முளைத்து மடிந்தன; பச்சைக் கிளையின் பூவுக்கு வெளுத்த கிளையின் மகரந்தத்தை இட்டாலும் நாற்றுகள் பச்சையாகவே வளர்ந்தன. மெண்டலின் விதிப்படி தாயும் தந்தையும் இடம் மாறினாலும் முடிவு மாறக் கூடாது. இங்கே தாய் எதுவோ அதுவே முடிவாக இருந்தது. 1909இல் காரன்ஸ் இதை வெளியிட்டார்.

அதே ஆண்டில் எர்வின் பாவர் என்னும் மற்றொரு ஜெர்மானியர், ஊட்டிப் பூந்தொட்டிகளில் ஜெரானியம் என்ற பெயரில் வளர்க்கப்படும் பெலர்கோனியத்தில் இதே சோதனையைச் செய்து, நேர்மாறான முடிவை வெளியிட்டார். பச்சைச் செடியையும் வெளுத்த செடியையும் கலந்தபோது, எது தாயாக இருந்தாலும், பச்சையும் வெளுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த நாற்றுகள் கிடைத்தன. அதாவது அதில் பசுங்கணிகங்கள் இரு பெற்றோரிடமிருந்தும் வருகின்றன. விதியும் அதன் விலக்கும் ஒரே ஆண்டில் அறியப்பட்டன என்பதை அறிவியல் வரலாற்றில் ஓர் அரிய நிகழ்வாக நான் கருதுகிறேன். பின்வந்தவர்கள் பாவரின் முடிவை வெறும் விந்தையாக ஒதுக்காமல் இருந்திருந்தால் காரணத்தைத் தேடும் ஆராய்ச்சி முன்னதாகவே தொடங்கியிருக்கக் கூடும்.

இந்த நுண்ணுறுப்புகளுக்குள் டி.என்.ஏ. இருப்பது 1960களின் தொடக்கத்தில் மின்னணு நுண்ணோக்கி வழியாகத் தெரியவந்தது. இவை ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்னும் பழைய கருத்தை லின் மார்குலிஸ் 1967இல் புதிய சான்றுகளோடு முன்வைத்தார். அவற்றின் மரபணுக்களில் பெரும்பகுதி காலப்போக்கில் உட்கருவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 1981இல் கேம்பிரிட்ஜில் முழுமையாகப் படிக்கப்பட்ட மனித மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் எஞ்சியிருப்பவை 37 மரபணுக்கள். அவற்றில் புரதம் உண்டாக்குபவை 13 மட்டுமே.

கேள்வி: உட்கருவின் மரபணுக்களை இரு பெற்றோரிடமிருந்தும் பெறுவது நன்மை என்றால், மைட்டோகாண்ட்ரியாவையும் அவ்வாறே பெறுவதுதானே நல்லது? ஒருவரிடமிருந்து மட்டும் பெறும் முறையை இயற்கைத் தேர்வு ஏன் வளர்த்தது? (பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: வந்த கடிதங்களில் இதுவே மூலக்கேள்வி. இதற்குச் சென்ற ஐம்பது ஆண்டுகளில் கிடைத்துள்ள விடைகளை இரண்டு பெருங்கருத்துகளாகச் சொல்லலாம்.

முதலாவது, உட்பூசல். உட்கருவின் குரோமோசோம்கள் செல் பிரியும்போது கணக்காகப் பங்கிடப்படுகின்றன; எந்த மரபணுவும் தன் பங்கை மீறிப் பெருக முடியாது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் அவை ஒவ்வொன்றும் தன் போக்கில் இரட்டிக்கின்றன. வேகமாக இரட்டிப்பது எதுவோ அது, செல்லுக்கு உதவினாலும் உதவாவிட்டாலும், அடுத்த தலைமுறையில் அதிக இடம் பிடிக்கும். இரு பெற்றோரின் மைட்டோகாண்ட்ரியாக்களும் ஒரே செல்லில் கலந்தால், வேலை செய்யாமல் பெருகுவதில் மட்டும் கெட்டிக்காரத்தனம் காட்டும் ஒரு வகை, கலப்பின் மூலமாகவே குடும்பம் விட்டுக் குடும்பம் தாவி இனம் முழுவதும் பரவிவிடும். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால், அத்தகைய வகை தான் தோன்றிய குடும்பத்தோடு அழியும். 1981இல் லீடா காஸ்மிடஸும் ஜான் டூபியும் இந்த வாதத்தை விரிவாக எழுதினார்கள். 1992இல் லாரன்ஸ் ஹர்ஸ்ட்டும் வில்லியம் ஹாமில்டனும் அதை மேலும் முன்னெடுத்துச் சென்றார்கள்.

இது கற்பனையான அச்சமன்று. இரு பெற்றோரின் மைட்டோகாண்ட்ரியாவும் கலக்கும் ரொட்டி ஈஸ்ட்டில், சுவாசிக்கும் திறனையே இழந்து மிகச் சிறிய திட்டுகளாக வளரும் திரிபு வகைகளை 1940களின் இறுதியில் போரிஸ் எஃப்ருஸ்ஸி ஆராய்ந்தார். அவ்வகைகளில் சிலவற்றை ஆரோக்கியமான ஈஸ்ட்டோடு இணையவிட்டால் வாரிசுகளில் ஏறத்தாழ அனைத்துமே நோஞ்சான்களாகப் பிறக்கின்றன. ஏனெனில் அவற்றின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் பயனுள்ள மரபணுக்கள் உதிர்ந்துபோய், இரட்டிப்பைத் தொடங்கும் பகுதியே திரும்பத் திரும்ப நிறைந்திருக்கிறது. பசுங்கணிகங்களிலும் இதைப் பார்க்கலாம். ஈனோதெரா என்னும் மாலைப்பூச் செடியினத்தில் பசுங்கணிகம் இருபாலாரிடமிருந்தும் வருவதால், வலிமையான வகைகள் மெலிந்த வகைகளை முந்திவிடுகின்றன என்பது முன்பே தெரிந்திருந்தது. அந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்பதை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் கண்டறிந்தார்கள்: கொழுப்புப் பொருள் தயாரிப்பைக் கட்டுப்படுத்தும் ஒரு பசுங்கணிக மரபணுவில் உள்ள வேறுபாடுகளே முக்கியக் காரணம். ஒளிச்சேர்க்கையில் சிறந்தது வெல்லவில்லை. தன் சவ்வை விரைவாகக் கட்டிப் பெருகக் கூடியது வென்றது.

இரண்டாவது கருத்து, பழுதுகளை இயற்கைத் தேர்வின் கண்ணில் படச் செய்வது பற்றியது. இதைப் புரிந்துகொள்வதில் பலருக்கும் சிரமம் இருப்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் திடீர்மாற்றங்கள் அடிக்கடி நேர்கின்றன; அவற்றில் பல கேடானவை. ஒரு தாயிடம் பத்தில் நான்கு பங்கு பழுதும், தந்தையிடம் பழுதே இல்லாமலும் இருப்பதாகக் கொள்வோம். இருவரிடமிருந்தும் சமமாக வந்தால் பிள்ளைகள் எல்லோரும் சராசரியாகப் பத்தில் இரண்டு பங்கு பழுதோடு பிறப்பார்கள். எல்லோரும் ஒருவாறு சமாளித்து வாழ்வார்கள். பழுதும் அவர்களோடு வாழும். உப்புநீர்க் குடம் ஒன்றையும் நன்னீர்க் குடம் ஒன்றையும் கலந்துவிட்டால் எதையும் கொட்டிவிட மனம் வராது, ஆனால் நன்னீர் என்று சொல்ல ஒரு குடமும் மிஞ்சாது அல்லவா? கலக்காமல் இருந்தால் சில வாரிசுகளிடம் பழுது மிகும், சிலரிடம் இல்லாமலே போகும். முன்னவர்கள் இனம் பெருக்காமல் மறைய, பின்னவர்களின் வழியே தூய்மையான வகை நிலைக்கும். தனி உயிருக்கு இது கொடுமையான வழிதான். ஆனால் இயற்கைத் தேர்வு வேலை செய்ய வேறுபாடு தேவை, கலப்பு அந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டைப் பெருக்குவதற்குத் தாயின் கருமுட்டை மரபிலேயே இன்னொரு ஏற்பாடும் உள்ளது. முட்டைகளை உண்டாக்கப்போகும் ஆதிசெல்களில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. குறுகிய எண்ணிக்கைக்குச் சுருங்கி, பிறகு பெருகுகிறது. அந்தக் குறுகலில் எந்த வகை தப்பிப் பிழைக்கிறது என்பது பெருமளவு தற்செயலாக அமைவதால், ஒரே தாயின் இரு பிள்ளைகளிடையே கூடப் பழுதின் அளவு மிகவும் வேறுபடும். ஹோல்ஸ்டீன் இனப் பசுக்களில் ஓரிரு தலைமுறைக்குள்ளேயே ஒரு வகை மற்றொன்றாக மாறிவிடுவதை ஹாஸ்விர்த், லைபிஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1982இல் தெரிவித்ததிலிருந்து இந்தக் குறுகல் ஆராயப்பட்டு வருகிறது.

பழுதே இல்லாத இரண்டு வகைகள் கலந்தாலும் தீங்கு உண்டு என்பதை டக்ளஸ் வாலஸ் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சோதனை காட்டியது. இரண்டு எலி இனங்களின் மைட்டோகாண்ட்ரியாக்களை ஒரே எலியில் சேர்த்தபோது, தனித்தனியே குறையற்ற அந்த இரண்டும் சேர்ந்த எலிகள் சுறுசுறுப்புக் குன்றி, குறைவாக உண்டு, எளிதில் மன அழுத்தத்துக்கு ஆட்பட்டு, கற்றதை நினைவில் வைத்திருப்பதில் பின்தங்கின. உட்கருவிலிருந்து வரும் புரதங்களும் மைட்டோகாண்ட்ரியாவின் 13 புரதங்களும் ஒன்றோடொன்று பொருந்தி வேலை செய்ய வேண்டியிருப்பதால், ஒரே உட்கரு இரண்டு விதமான துணைகளோடு ஒத்துப்போக முடியாமல் திணறுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

இவற்றில் எது முதற்காரணம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த நிக் லேன், ஆண்ட்ரூ பொமியன்கோவ்ஸ்கி முதலியோர் கணித மாதிரிகளின் மூலம், ஒருவழி மரபு பரவப் பரவ அதனால் கிடைக்கும் கூடுதல் நன்மை குறைந்துகொண்டே போகும் என்று காட்டியிருக்கிறார்கள். இனத்தில் பெரும்பாலோர் கலக்காமல் இருந்தால், கலப்பவர்களுக்கும் தூய்மையின் பலன் கிடைத்துவிடுகிறது. கண்டிப்பு தளர இடம் உண்டாகிறது. உட்பூசல் வாதத்தையே நான் தொடக்கத்துக்கான வலுவான விளக்கமாகக் கருதுகிறேன். நீடிப்பதற்கான காரணம் பழுது நீக்கத்தில் இருக்கிறது. ஒவ்வோர் உயிரினமும் வெவ்வேறு முறையில் தந்தையின் பங்கை நீக்குகிறது என்பது, இந்த மரபு பலமுறை தளர்ந்து பலமுறை புதிதாகத் தோன்றியிருக்கிறது என்ற முடிவுக்கே என்னை இட்டுச் செல்கிறது.

ஹர்ஸ்ட், ஹாமில்டன் இருவரும் எழுப்பிய மற்றொரு எண்ணத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. யாருடைய மைட்டோகாண்ட்ரியா தங்குவது என்பதில் குழப்பம் நேராமலிருக்க, தருபவர், தராதவர் என்று சரியாக இரண்டு தரப்புகள் இருப்பதே எளிது. செல்கள் முழுமையாக இணையும் உயிரினங்களில் பெரும்பாலும் இரண்டே பால்வகைகள் இருப்பதற்கு இதுவே காரணம் என்றார்கள் அவர்கள். உட்கருவை மட்டும் பரிமாறிக்கொண்டு, அதைச் சூழ்ந்து மைட்டோகாண்ட்ரியாக்களைக் கொண்டிருக்கும் செல்பொருளான சைட்டோபிளாசத்தைக் கலக்காத காளான்களில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பட்டுப்போன மரக்கிளைகளில் வளரும் சைசோஃபில்லம் என்னும் காளானில் 20,000க்கும் மேற்பட்ட இணைவகைகள் உண்டு.

கேள்வி: வீரிய ஒட்டுக் கம்பு விதை உற்பத்தியில் ‘ஆண் மலட்டு வரிசை’ என்று கூறுகிறார்கள். இந்த மலட்டுத்தன்மை தாய்வழி மட்டுமே வரும் என்கிறார்கள். இதுவும் நீங்கள் எழுதியதும் ஒன்றுதானா? (விவசாயி, திண்டிவனம்)

பதில்: ஒன்றேதான், தாய்வழி மரபின் விளைவை வயலிலேயே காணக் கூடிய இடம் இது. மைட்டோகாண்ட்ரியா மகரந்தத்தின் வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. ஆகவே மகரந்தம் உருவாவதால் அதற்கு லாபம் ஏதும் இல்லை. மகரந்தத்துக்குச் செலவாகும் சத்து விதைக்குத் திரும்பினால்தான் லாபம். மகரந்தத்தைக் கெடுக்கும் மரபணு ஒன்று மைட்டோகாண்ட்ரியாவில் தோன்றினால், செடியின் விதைப்பெருக்கம் குறையாதவரை, அது அழிக்கப்படாமல் பரவுகிறது. உட்கருவின் மரபணுக்களுக்கோ மகரந்தம் அவசியம். எனவே அந்தக் கேட்டை முறிக்கும் மீட்பு மரபணுக்கள் உட்கருவில் தோன்றுகின்றன.

விதை உற்பத்தியாளர்கள் இந்தப் பூசலைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ‘ஏ’ வரிசை என்பது மலட்டு மைட்டோகாண்ட்ரியா கொண்ட தாய். ‘பி’ வரிசை உட்கருவில் அதை ஒத்தது, ஆனால் மைட்டோகாண்ட்ரியா இயல்பானது. ஏ வரிசைக்குப் பி வரிசையின் மகரந்தம் இட்டால், மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவதால், மீண்டும் மலட்டு ஏ வரிசையே கிடைக்கும். இப்படியே தாய் வரிசையை ஆண்டுதோறும் பெருக்குகிறார்கள். மீட்பு மரபணு உள்ள ‘ஆர்’ வரிசையின் மகரந்தம் இட்டால் உங்களுக்கு விற்கப்படும் வீரிய ஒட்டு விதை கிடைக்கிறது. அதில் மகரந்தம் மீண்டும் இயல்பாக உருவாகிக் கதிர் மணிபிடிக்கிறது. ஒவ்வொரு பூவாக மகரந்தப்பை நீக்கும் வேலை மிச்சமாகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்னும் மலட்டு வரிசையிலிருந்துதான் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான ஹெச்.பி. 1, 1965இல் வெளிவந்தது. சீனாவின் வீரிய ஒட்டு நெல்லுக்கு அடிப்படையான மலட்டுத்தன்மையும் 1970இல் ஹைனான் தீவில் ஒரு காட்டு நெல்லில் கண்டெடுக்கப்பட்டது.

ஒரே தாய்வழியை நம்பியிருப்பதில் ஆபத்தும் உண்டு. 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு, ‘டெக்சாஸ்’ எனப்படும் ஒரே மலட்டுச் சைட்டோபிளாசத்தைக் கொண்டிருந்தது. மகரந்தத்தைக் கெடுக்கும் அதே மைட்டோகாண்ட்ரியாப் புரதம், இலைக்கருகல் பூஞ்சையின் ஒரு வகை சுரக்கும் நச்சுக்கும் இலக்காக அமைந்துவிட்டது. அந்த ஆண்டு விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு அழிந்தது.

கேள்வி: தாவரங்களில் ஆணுறுப்பைக் கெடுக்கும் மைட்டோகாண்ட்ரியா பரவ முடிகிறது என்றால், மனிதர்களிலும் ஆண்களுக்கு மட்டும் தீங்கு செய்யும் திடீர்மாற்றங்கள் தங்கிவிட வாய்ப்பு உண்டா? (மருத்துவ மாணவி, வேலூர்)

பதில்: உண்டு. மகன்களின் மைட்டோகாண்ட்ரியா அவர்களோடு முடிந்துபோவதால், ஆண்களை மட்டும் பாதிக்கும் குறையை இயற்கைத் தேர்வு நேரடியாகக் களைய முடியாது. பெண்களுக்கு அது தீங்கற்றதாக இருந்தால் போதும், தொடர்ந்து கடத்தப்படும். ஸ்டீவன் ஃபிராங்க், லாரன்ஸ் ஹர்ஸ்ட் ஆகியோர் 1996இல் இதை எடுத்துரைத்தனர். ‘தாயின் சாபம்’ என்னும் பெயர் 2004இல் வந்தது. அப்பெயர் எனக்கு உடன்பாடானதன்று. இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை.

நன்கு அறியப்பட்ட உதாரணம், இளைஞர்களின் பார்வையைச் சில வாரங்களில் பறித்துவிடும் லெபர் பார்வை நரம்பு நோய். தாய்வழி வரும் இந்நோயால் பெண்களைவிட ஆண்கள் பல மடங்கு அதிகமாகப் பாதிக்கப்படுகிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு வம்சாவளியினரிடம் காணப்படும் இந்நோய்த் திரிபு ஒன்றைத் தேவாலயப் பதிவேடுகளின் வழியே பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், 1669இல் பிரெஞ்சு அரசரின் செலவில் திருமணத்துக்காகப் புதிய நாட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களில் ஒருவரிடம் அதன் தொடக்கம் இருப்பதை 2017இல் தெரிவித்தார்கள். அவருடைய தாய்வழியில் பிறந்த ஆண் மகவுகள் பிறரைவிட அதிகமாகக் குழந்தைப் பருவத்தில் இறந்திருக்கின்றன. பெண்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. அதனாலேயே அத்திரிபு இருபதாம் நூற்றாண்டு வரை குறையாமல் தொடர்ந்திருக்கிறது. கோட்பாடாக எழுதப்பட்ட ஒன்று பெயரும் பிறந்த தேதியும் பதிந்த ஏடுகளில் உறுதிப்பட்டது என்பதால், மருத்துவம் பயிலும் நீங்கள் அந்த ஆய்வை முழுமையாகப் படிக்க வேண்டும்.

கேள்வி: எல்லா உயிரினங்களிலும் தாய்வழிதானா? மனிதரிலும் தந்தையின் மைட்டோகாண்ட்ரியா வந்ததாகச் செய்தி படித்தேனே? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: எல்லாவற்றிலும் இல்லை. வாழையில் பசுங்கணிகம் தாயிடமிருந்தும் மைட்டோகாண்ட்ரியா தந்தையிடமிருந்தும் வருகின்றன. பைன் மரங்களில் பசுங்கணிகம் தந்தைவழி, மைட்டோகாண்ட்ரியா தாய்வழி. கலிஃபோர்னியாவின் வானுயர்ந்த செம்மரமான செக்கோயாவில் இரண்டுமே தந்தைவழி. இவற்றில் எல்லாம் ஒருவரிடமிருந்து மட்டும் என்னும் ஏற்பாடு நீடிக்கிறது. அந்த ஒருவர் யார் என்பது மட்டுமே மாறுகிறது. மைட்டிலஸ் முதலிய சில கடற்சிப்பிகளின் வழக்கம் இன்னும் தனித்தது: மகள்கள் தாயின் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பெற, மகன்கள் தந்தையுடையதையும் பெற்று, அதைத் தம் விந்தணுவில் வைத்து அடுத்த தலைமுறை மகன்களுக்குத் தருகிறார்கள். ஆண் வழிக்கென்று ஒன்று, பெண் வழிக்கென்று ஒன்று என இரண்டு மரபுகள் இணையாக ஓடுகின்றன.

மனிதரில் ஒரு சான்று 2002இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. உடற்பயிற்சியைத் தாங்க இயலாத ஓர் இளைஞரின் தசைகளில் இருந்த மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் 90 விழுக்காடு தந்தையுடையது. 2018இல் மூன்று குடும்பங்களில் இருபெற்றோர் மரபு காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நீங்கள் படித்த செய்தி அதுவாகவே இருக்கும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் துண்டுகள் உட்கருக் குரோமோசோம்களிலும் பண்டைக் காலம் முதல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை தந்தையிடமிருந்தும் இயல்பாக வரும். 2020இல், தாய், தந்தை, பிள்ளை அடங்கிய 11,035 குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், தந்தைவழி வந்ததுபோல் தோன்றிய அரிய நிகழ்வுகளை இந்த உட்கருத் துண்டுகளைக் கொண்டே விளக்கினார்கள். அவர்களுடைய விளக்கத்தை நான் ஏற்கிறேன்.

கேள்வி: எனக்கும் என் தங்கைக்கும் மைட்டோகாண்ட்ரியா நோய் இருப்பதாக மருத்துவர்கள் கூறியுள்ளனர். தாய்வழி மட்டுமே வருவது என்றால் என் பிள்ளைகளுக்கு வராது என்று நம்பலாமா? தங்கைக்கு ஏதேனும் வழி உண்டா? (ஊர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் நோய்க்குக் காரணமான மரபணு எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த நம்பிக்கைக்கு வர வேண்டாம். மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13 தவிர ஏனைய அனைத்தும் உட்கருவின் மரபணுக்களால் உண்டாகின்றன. பழுது உட்கருவில் இருந்தால் நோய் தந்தையிடமிருந்தும் வரலாம். பழுது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில்தான் என்று சோதனை உறுதி செய்தால், உங்கள் வழியாக அது பிள்ளைகளுக்குச் செல்லாது.

தங்கையின் நிலை வேறு. அத்தகைய பழுது இருந்தால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் செல்லக் கூடும். ஆனால் முன்னே சொன்ன குறுகலின் காரணமாக, எவ்வளவு செல்லும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சில வகைப் பழுதுகளுக்குக் கருவைப் பதிக்கும் முன்பே சோதித்துக் குறைந்த அளவுள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். பிறர் தரும் கருமுட்டையைப் பயன்படுத்துவதும் ஒரு வழி. தாயின் உட்கருவை எடுத்து, ஆரோக்கியமான மைட்டோகாண்ட்ரியா கொண்ட வேறொரு பெண்ணின் முட்டையில் வைக்கும் முறையைப் பிரிட்டன் 2015இல் சட்டபூர்வமாக்கியது. நியூகாசில் மருத்துவர்கள் இம்முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததை 2025 ஜூலையில் அறிவித்தார்கள். உட்கருவோடு ஒட்டிவந்த தாயின் பழைய டி.என்.ஏ. அவர்களில் சிலரிடம் சிறு அளவில் காணப்பட்டதால் அனைவரும் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறார்கள். அமெரிக்க அறிவியல் கழகங்களின் குழு ஒன்று 2016இல், இம்முறையைத் தொடக்கத்தில் ஆண் கருக்களுக்கு மட்டும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆணிடம் வைத்த மைட்டோகாண்ட்ரியா அவரோடு நின்றுவிடும் என்பதே காரணம். பிரிட்டன் அந்தக் கட்டுப்பாட்டை விதிக்கவில்லை.

இருவரும் ஒன்றாகவே ஒரு மரபியல் ஆலோசகரைச் சந்தியுங்கள். பழுதான மரபணுவின் பெயர், அது உட்கருவிலா மைட்டோகாண்ட்ரியாவிலா என்பது, மைட்டோகாண்ட்ரியாவில் என்றால் இரத்தத்திலும் சிறுநீர்ச் செல்களிலும் அது எத்தனை விழுக்காடு என்பது ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இரத்தத்தில் காணப்படும் அளவு வயதோடு குறையக் கூடும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தங்கை முடிவெடுக்க வேண்டாம்.